காலி இடம் பதினைந்து பங்கு

முழுக்க நிரம்பிவிட்ட நினைவுத் தட்டைத் திறந்து பார்க்க முடியாது. ஏழு வருடமாக இந்த ஒரு விஷயத்தைத்தான் வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவையிலேயே புரிந்துகொண்ட ஒரு ஆளை இன்னும் பார்க்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் எப்படி அழிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பார்ப்பதற்கே கொஞ்சம் காலி இடம் வேண்டும், அது இல்லாததால்தானே வந்திருக்கிறீர்கள் என்பேன். அவர்கள் வீட்டுக்குள் நான் திருட வந்ததுபோல என்னைப் பார்ப்பார்கள்.

எங்கள் மையம் ஈரோட்டில் ஒரு பழைய மஞ்சள் குடோனில் இருக்கிறது. எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் மழை நாளில் சுவரிலிருந்து மஞ்சள் வாசம் வரும். வாசலில் பெரிய பலகை ஒன்று உண்டு: 'இடம் கொடுங்கள், நினைவைக் காப்போம்.' இதை எழுதின மகராசன் எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்திருப்பான். ஒரே ஒரு நாள் என் நாற்காலியில் அவனை உட்கார வைத்துப் பார்க்க எனக்கு ஆசை.

பதின்மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த வட்டாரத்தில் ஒரு காய்ச்சல் வந்தது. மறதிக் காய்ச்சல் என்றார்கள். பிள்ளைகளைக் கொண்டுபோனது. அது பிடித்த பெரியவர்களை உயிரோடு விட்டது, ஆனால் நினைவு வைக்கிற பாகத்தை அரித்துவிட்டுப் போனது. அப்படி மிஞ்சியவர்களுக்கு வலது காதுக்குப் பின்னால் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு நினைவுத் தட்டு பொருத்தினார்கள். மூளையில் பாக்கியிருந்ததையெல்லாம் அவசர அவசரமாக வழித்தெடுத்து அதில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு அவர்கள் பார்ப்பது, கேட்பது, தின்பது எல்லாம் அந்தத் தட்டில்தான் பதிகிறது. பத்து வருடத்துக்குத் தாராளமாகப் போதும் என்றார்கள். அதற்கு மேல் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ.

இப்போது தட்டுகள் நிரம்பிவிட்டன. நிரம்பியது போதாதென்று ஓரம் ஓரமாகப் பழுதாகவும் தொடங்கிவிட்டன. பழைய தட்டை அப்படியே நகலெடுத்துப் புதுத் தட்டில் ஏற்றுவதுதான் என் வேலை. புதுத் தட்டில் நாலு மடங்கு இடம் இருக்கிறது. ஆனால் நகலெடுக்கும் செயலி பழைய தட்டுக்குள் உட்கார்ந்துதான் வேலை செய்யும். அது உட்கார நூற்றுக்குப் பதினைந்து பங்கு காலி இடம் வேண்டும். அந்தப் பதினைந்து பங்கு வேறு எங்கிருந்தும் வராது, அந்த மனிதனிடமிருந்துதான் வரவேண்டும்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலை பத்தரை மணிக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அவர் செங்கோட்டுவேல், வயது அறுபது. திருச்செங்கோட்டுப் பக்கம். முப்பது வருடம் போர்வெல் போடுகிற ரிக் லாரியில் வேலை பார்த்து, வருடத்தில் பத்து மாதம் வடக்கே சுற்றிய ஆள். காய்ச்சலுக்குப் பிறகு ஊரிலேயே மோட்டார் ரிப்பேர் செய்கிறார். அந்தம்மாள் பெயர் வளர்மதி. ஒடிசலான உடம்பு, அழுத்தி வாரிய தலை, கையில் ஒரு ஒயர் கூடை.

"உக்காருங்க சாமி, ஏன் நிக்கறீங்க" என்றார் அந்தம்மாள் என்னைப் பார்த்து. என் அறையில் எனக்கே உபசாரம். இந்தப் பக்கத்துப் பெண்கள் வயதில் சின்னவர்கள் யாராக இருந்தாலும் கண்ணு, சாமி என்றுதான் பேசுவார்கள். நான் தூத்துக்குடிக்கு வடக்கே வேம்பார்க்காரி. எங்கள் ஊரில் சாமி என்றால் ஒன்று கோயிலுக்குள் இருப்பவர், இல்லையென்றால் பூசை வைக்க வருகிற பாதிரியார். வந்த புதிதில் என்னை யாராவது சாமி என்றால் சிரிப்பு வரும். பிறகு காதில் விழுவதே நின்றுவிட்டது.

"எத்தனை நாளா இப்படி இருக்காரு?" என்று கேட்டேன்.

"எட்டு மாசமாச்சுங்க. காத்தால தோச ஊத்திக் குடுத்தா, தின்னுபோட்டு, அர மணி நேரத்துல 'எனக்கு ஏன் இன்னும் சோறு போடல'ங்கறாரு. நேத்துப் பேசுனது இன்னிக்கு இல்லீங்க. ஆனா பழசெல்லாம் அப்படியே இருக்குதுங்க."

"தட்டு நிரம்பிடுச்சும்மா. புதுசு உள்ள போக இடமில்ல. அது போக, ஓரமெல்லாம் உதிருது. இன்னும் பதினோரு நாள் தாங்கும். அதுக்குள்ள மாத்தணும்."

"மாத்திப்போடுங்க. அதுக்குத்தானுங்களே வந்தோம்."

விளக்கினேன். வளர்மதி கேட்டார், கேட்டுவிட்டு எல்லோரும் கேட்கிற அதே கேள்விக்கு வந்தார்.

"புதுசுதான் பெருசுன்னு சொல்றீங்களே. அப்பறம் எதுக்குங்க அழிக்கோணும்?"

"கிரைண்டர்ல மாவு விளிம்பு வரைக்கும் நிக்குதுன்னு வச்சுக்கோங்க. பக்கத்துல பெரிய அண்டா இருக்கு. ஆனா கைய உள்ள விட்டாத்தானே வழிக்க முடியும்? கைய விட்டா கொஞ்சம் வெளிய சிந்தும்ல. எது சிந்தணும்னு நீங்க சொல்லணும். சொல்லலைன்னா அது பாட்டுக்குச் சிந்தும்."

"வெளிய வெச்சு வேல பண்ற மிசினு இல்லீங்களா?" என்றார் வளர்மதி.

"தலைநகரத்துல ஒண்ணு இருக்கு. எட்டு மாசம் காத்திருக்கணும்."

சட்டப்படி முதலில் நோயாளியைத்தான் கேட்கவேண்டும். கேட்டேன். அவர் சன்னலோர நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார். ஒரு காது மந்தம். முப்பது வருடம் பாறையைக் குடைகிற சத்தத்தைக் கேட்ட காது. நான் குனிந்து சத்தமாகக் கேட்டேன்.

"ஐயா, உங்க தட்டுல கொஞ்சம் அழிக்கப்போறோம். எதைத் தொடக்கூடாதுன்னு நீங்க சொல்லணும்."

அவருக்கு அது புரிந்தது. முகம் தெளிந்தது. மனைவியை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மிணியத் தொட்றாதீங்க" என்றார். "அம்மிணியும், அப்பறம்..."

அவ்வளவுதான். வாய் திறந்தபடி இருந்தது, கண்ணில் இருந்தது போய்விட்டது. நிரம்பின தட்டு அப்படித்தான், ஒரு வாக்கியம் முடியும்வரைகூடத் தாங்காது. மெதுவாக வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க யாருங்க? மோட்டாரு ஏதாச்சும் பாக்கோணுங்களா?"

வளர்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இரண்டாம் தடவை கேட்டுப் பயனில்லை என்பதால் படிவத்தில் 'நோயாளியால் முடிவு சொல்ல இயலவில்லை' என்று குறித்துக்கொண்டு அவரை உள்ளறைக்கு அனுப்பினேன். அங்கே படுக்க வைத்து, தூங்குவதற்கு மருந்து கொடுத்து, தட்டை இணைத்தார்கள்.

"அம்மிணிங்கறது எங்க புள்ளைங்க" என்றார் வளர்மதி. "ஒம்பது வயசுல போயிட்டா. அந்தக் காச்சலு."

நான் கதை கேட்பதில்லை. அது என் விதி. ஒரு நாளைக்கு மூன்று பேர் வருகிறார்கள், மூன்று பேர் கதையையும் கேட்டால் எனக்கும் ஒரு தட்டு வேண்டியிருக்கும். ஆனால் இந்தம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, மேசை விளிம்பைப் பார்த்துச் சொன்னார். எழுந்து போக முடியவில்லை.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க வேணும். அவரு மண்டையில அந்தப் புள்ள இருக்கோணும். மாமியா செத்துப்போயாச்சு. எங்கம்மா இல்ல. அவளப் பாத்தவங்கன்னு சொல்றதுக்கு நானும் அவருந்தான். ஒருத்தி மட்டும் தனியா நெனச்சுக்கிட்டிருந்தா, பொறவு அது நெசமாவே நடந்துச்சான்னு எனக்கே சந்தேகம் வந்துருமுங்க."

"சரி. அம்மிணிய விட்டுட்டு மத்ததப் பார்ப்போம்" என்றேன்.

திரையை அவர் பக்கம் திருப்பினேன். தட்டுக்குள் நினைவுகள் கட்டுக் கட்டாக இருக்கும். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெயர். அது நாம் வைக்கிற பெயரல்ல, அந்த மனசு தனக்குள்ளே எந்தச் சொல்லால் கூப்பிடுகிறதோ அதுதான் பெயராக விழும். பக்கத்தில் எத்தனை பங்கு, கடைசியாக எப்போது திறந்தது என்ற இரண்டும் தெரியும். அந்த நினைவு எந்த வருடத்தது என்ற தேதி தெரியாது. பழைய நினைவெல்லாம் ஒரே நாளில் ஏற்றியதால் எல்லாவற்றிலும் தட்டு பொருத்திய தேதியே இருக்கும். கட்டைப் பிரித்துப் பாதியை எடுக்கவும் முடியாது. எடுத்தால் முழுக்கட்டு.

'அம்மிணி' முதலில் நின்றது. முப்பத்தொரு பங்கு.

வளர்மதி வாயில் கை வைத்துக்கொண்டார். "முப்பத்தொண்ணா. வருசத்துக்கு ரெண்டு மாசம் பாத்த புள்ளைங்க."

நான் அந்தக் கட்டுக்குப் பூட்டுப் போட்டேன். இனி தவறி விரல் பட்டாலும் அழியாது. அடுத்து 'தொழில்' இருந்தது, பிறகு காய்ச்சலுக்குப் பிந்தைய அன்றாடக் கட்டு. இரண்டில் எதை அழித்தாலும் மனிதன் சோற்றுக்கு நிற்கவேண்டும். கனவு மிச்சங்களைத் துடைத்தேன், இரண்டு பங்கு வந்தது. தொழில் கட்டில் ஒரே மாதிரி நாட்களை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி மடித்தேன். பாறை, தூசி, டீசல், மறுபடி பாறை. அதில் மூன்று. ஏற்கெனவே அரைப் பங்கு காலி. ஆக ஐந்தரை.

"இன்னும் ஒன்பதரை வேணும்" என்றேன். "பெருசா மிச்சம் ரெண்டு கட்டுதான் இருக்கு. 'அய்யன்', ஒன்பது பங்கு. 'சாமி', அதுவும் ஒன்பது பங்கு. ரெண்டுல ஒண்ணு."

"அய்யன்னா அவரோட அப்பாவுங்க. இவரு ரெண்டாப்பு படிக்கயில அம்மா போயிட்டாங்க. அய்யந்தான் தோள்ல தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடம் போவாராம். அத அழிச்சா மனுசன் அனாதைங்க."

"அப்ப சாமி?"

வளர்மதியின் முகம் மாறியது. அதுவரைக்கும் இருந்த பணிவு போய் ஒரு வெறுப்பு வந்தது.

"பத்து வருசம் புள்ளையில்லாம இருந்தோமுங்க. வடக்க இருந்து எப்ப வந்தாலும் மொத வேலையா மலையேறிப்போடுவாரு. ஆயரத்தி இரனூறு படி. நானும் கூடப் போவேன். அப்பறந்தான் இவ பொறந்தா. குடுத்த சாமியே பொறவு எடுத்துக்கிச்சு. அன்னிக்கே நான் வெளக்குப் பத்தவெக்கறத உட்டுட்டேன். இவரு உடல."

திரையில் 'சாமி'க்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு குறி இருந்தது. அடிக்கடி திறக்கப்படும் கட்டுகளுக்கு வரும் எச்சரிக்கை. நான் கவனித்தேன், கவனிக்காமல் விடவில்லை. அதையாவது எழுதிவைத்துக்கொள்கிறேன்.

"அம்மா, ஒரு விஷயம். இத இன்னிக்குக் காலைல ஆறேகாலுக்குத் திறந்திருக்காரு. நேத்தும் ஆறேகாலுக்கு. தெனமும்."

"எனக்குத் தெரியுமுங்க. எந்திரிச்சதும் வாசல்ல நின்னுக்கிட்டு, கெழக்க பாத்துக் கண்ண மூடிக்குவாரு. ரெண்டு நிமிசம், மூணு நிமிசம். சாமி கும்பிடறாராமா. எனக்குப் பத்திக்கிட்டு வருமுங்க. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அதக் கும்பிடறீங்கன்னு ஒருக்கா கேட்டுப்போட்டேன். ஒண்ணுமே பேசல, உள்ள போயிட்டாரு."

"தெனமும் திறக்கிறத எடுத்தா காலைல ஒரு மாதிரி தடுமாறுவாரு. கொஞ்ச நாளைக்கு."

"தடுமாறட்டும். எங்கள ஏமாத்துன சாமி அவரு மண்டையில ஒம்பது பங்கு எடம் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. எடுத்துப்போடுங்க."

திறந்து பார்க்க அந்த ஐந்தரைப் பங்கு போதாது. கேட்க ஆளில்லை. எங்கள் ஊர்க் கோயிலும் சாமியும் என் நினைவுக்கு வந்தன, அதை எடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்தேன். அது என்னுடைய பாடு, இவருடையதல்ல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். 'சாமி' என்ற கட்டைத் தேர்ந்து அழிக்கும் வரிசையில் வைத்தேன்.

"பதினாலரை ஆச்சு. அரைப் பங்கு குறையுது."

பட்டியலின் அடியில் இரண்டு சின்னக் கட்டுகள் கிடந்தன. 'மிருதுளா', பூஜ்யம் புள்ளி இரண்டு. 'வளர்மதி', பூஜ்யம் புள்ளி மூன்று.

"மிருதுளா யாரு?"

"அம்மிணியோட பள்ளிக்கூடத்துப் பேருங்க. சர்டிபிகேட்டுல மட்டும் இருந்துச்சு. ஊட்டுல ஒருத்தரும் அப்படிக் கூப்புட்டதில்ல." அவர் கண் அடுத்த வரிக்குப் போய் அங்கேயே நின்றது. "நான் அவ்வளவுதானுங்களா?"

புருஷன் தலைக்குள் பெண்டாட்டிக்கு எவ்வளவு இடம் என்று காட்டுகிற மிஷினை எவன் கண்டுபிடித்தான் என்று ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது எனக்கு ஆத்திரம் வரும். நூற்றுக்குக் கால் பங்கும் சொச்சமும். முப்பத்திரண்டு வருடக் குடும்பம்.

"செரிதானுங்க" என்றார் அவரே. "பத்து மாசம் வடக்க இருந்தாரு. வந்தா 'இந்தா புள்ள, தண்ணி கொண்டா'ம்பாரு. அதுக்கு இவ்வளவே சாஸ்தி." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "ரெண்டையும் சேத்தா அரப் பங்கு வருமுங்களா?"

"வரும். ஆனா உங்களத் தெரியாமப் போயிடலாம்."

"அம்மிணியத் தெரியுமல்ல?"

"அது பூட்டியிருக்கு."

"அப்பப் போதுமுங்க. யாரோ ஒரு பொம்பளன்னு நெனச்சுக்கிட்டாலும் எங்கிட்ட அவளப் பத்திப் பேசுவாருல்ல. நான் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கறேன்."

கைரேகை வைத்தார். நான் அழித்தேன். பதினைந்து பங்கு காலி என்று பச்சை எழுத்து வந்தது. நகலெடுக்கும் செயலி உள்ளே போய் அந்தக் காலி இடத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியது. நாலு மணி நேரம் ஆகும் என்றேன். அவர் கூடையிலிருந்து தக்காளி சாதப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார். வேண்டாம் என்றதற்குப் பாதியைப் பிரித்துக் காகிதத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மாலை நாலு மணிக்குச் செங்கோட்டுவேல் கண் விழித்தார். புதுத் தட்டு பிரமாதமாக வேலை செய்தது. தண்ணீர் கேட்டார், குடித்தார், குடித்ததை ஞாபகம் வைத்திருந்தார். வளர்மதி கட்டிலுக்கு இரண்டடி தள்ளி, ரேஷன் கடை வரிசையில் நிற்பதுபோல் ஒதுங்கி நின்றார். தன்னைத் தெரியாது என்று முடிவுகட்டிவிட்டு நின்ற நிற்பு அது.

நகல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஐந்து கேள்வி உண்டு. பெயர் சொன்னார். ஊர் சொன்னார். வேலையைக் கேட்டதும் எந்தக் கல்லில் எத்தனை அடிக்குத் தண்ணீர் வரும் என்று ஒரு பாடமே நடத்தினார். நாலாவது கேள்விக்கு வந்தேன்.

"இவங்க யாருன்னு தெரியுதா?"

அவர் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க. அம்மிணிங்க."

வளர்மதி ஒரு எட்டு முன்னால் வந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் பதமாகச் சொன்னார்: "இல்லீங்க. நான் வளர்மதிங்க. அம்மிணி நம்ம புள்ளைங்க."

"வளர்மதியா? அதாருது?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இங்க பாருங்க இவ பேசறத. கண்ணாலம் முடிஞ்ச மறுநாளே நான் வெச்ச பேருங்க அம்மிணின்னு. நாந்தேட்லயும் ராய்ச்சூர்லயும் லாரிக்கடியில படுத்துக்கிட்டு அந்தப் பேரச் சொல்லிச் சொல்லித்தான் நாளத் தள்ளுனேன். ஏம்மிணி, மறந்துட்டயா?"

வளர்மதி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முப்பத்தொரு பங்கு யார் என்று அந்த அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் புரிந்தது. எனக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் இருந்திருக்கலாம். பழக்கதோஷத்தில் வாய் கேட்டுவிட்டது.

"பிள்ளைங்க எத்தனை பேர்?"

அவர் சிரிப்பு அடங்கியது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு வலிக்கக்கூடாதே என்பதுபோல் குரலைத் தணித்தார்.

"இல்லீங்க. எங்களுக்கு அந்தக் குடுப்பன இல்ல. பத்து வருசம் மலையேறுனோமுங்க, ரெண்டு பேரும். ஆயரத்தி இரனூறு படி. சாமி கண்ணத் தொறக்கல."

என் கையிலிருந்த பேனா நின்றது. அவருக்கு மலை ஞாபகம் இருந்தது. படி ஞாபகம் இருந்தது. கோயிலுக்குள் இருக்கிற சாமியை நான் தொட்டிருக்கவே இல்லை, அது மனைவியோடு சேர்ந்து 'அம்மிணி'க் கட்டுக்குள் பத்திரமாக இருந்திருக்கிறது. அப்படியென்றால் காலையில் நான் அழித்தது எந்தச் சாமி?

வளர்மதி என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு அறைக்கு வெளியே நடந்தார். நான் பின்னால் போனேன். குடோனின் பின்பக்கம் பழைய எடை மேடை ஒன்று உண்டு. அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

"போன்ல பேசுவாருங்க, வடக்க இருந்து" என்றார். "எங்கிட்ட ரெண்டு வார்த்த. அப்பறம் போன அவகிட்டக் குடுன்னுவாரு. 'சாமி, சாப்ட்டயா சாமி. சாமி, பள்ளிக்கூடம் போனயா சாமி.' அர மணி நேரம். நாங்கெல்லாம் அவள அம்மிணின்னோம். எங்க மாமியாதான் அந்தப் பேர எங்கிட்ட இருந்து புடுங்கி அவளுக்கு வெச்சாங்க. அதுக்கப்பறம் இவரு என்னை அப்படிக் கூப்புடவே இல்ல. நாலு பேரு முன்னால இவரும் அவள அம்மிணின்னுதான் கூப்புடுவாரு. சாமிங்கறது... எல்லாரும் எல்லாப் புள்ளைகளையும் சொல்றதுதானுங்களே. நானே உங்களச் சொல்றேன். அது அவளோட பேருன்னு எனக்குத் தோணவே இல்லீங்க."

எனக்கும் தோன்றவில்லை. காலையிலிருந்து நாலைந்து தடவை என்னைச் சாமி என்று கூப்பிட்டிருக்கிறார். ஏழு வருடமாகத் தினமும் அந்தச் சொல் என் காதில் விழுகிறது. வேம்பாரிலிருந்து வந்தவள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழி இருந்தது. ஆனால் அவர் காலையில் 'அப்பறம்' என்று நிறுத்தியபோது அந்த வாய் எந்த எழுத்துக்குத் தயாராக இருந்ததென்று நான் நேருக்கு நேர் பார்த்தவள்.

"எடுக்க முடியாதுங்களா?"

"முடியாதும்மா. காலி பண்ணின இடத்துமேலதான் அந்தச் செயலி நாலு மணி நேரம் வேலை பாத்துச்சு. அங்க இப்ப ஒண்ணும் இல்ல." நானும் அந்த விளிம்பில் உட்கார்ந்தேன். "மன்னிச்சுக்கோங்க. அந்த மஞ்சக் குறியைப் பார்த்தும் நான் நிறுத்தலை."

"நாந்தானுங்களே எடுக்கச் சொன்னது." கையை விரித்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். கைரேகை மை கட்டைவிரலில் இன்னும் இருந்தது. "எங்கூட்டுக்குக் கெழக்கதானுங்க பள்ளிக்கூட வேனு வரும். ஆறேகாலுக்கு. மொத ஸ்டாப்பு நாங்க."

அவர் அழுதார். சத்தமில்லாமல், தோள் மட்டும் ஆட, நெடுநேரம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"சொல்லிப் பாக்கலாமா?" என்றேன் கடைசியில். "போட்டோ இருக்கும்ல. புதுத் தட்டுல நிறைய இடம் இருக்கு."

"சொன்னா கேட்டுக்குவாருங்க. பக்கத்தூட்டுல எழவுன்னா கேட்டுக்கற மாதிரி. ஐயோ பாவம்பாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அத நான் பாக்கோணுமா? இல்லீன்னா அழுவாரு. பதிமூணு வருசம் அழுது முடிச்சத மறுக்காவும் மொதல்ல இருந்து அழுவாரு, மொகம் தெரியாத புள்ளைக்கு. வேண்டாமுங்க."

கூடையிலிருந்து போனை எடுத்தார். முகப்பில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் குழந்தை, முன்பல் இல்லாமல் சிரித்தது. அதை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்து, அந்தப் படத்தை உள்ளே எங்காவது போட்டு, முகப்புக்கு ஏதாவது பூப்படம் வைத்துத் தரச் சொன்னார். செய்து கொடுத்தேன். ஒரே நாளில் அந்தப் பிள்ளையை இரண்டாம் தடவை எடுத்தேன்.

உள்ளே போய்ப் படிவத்தை நிரப்பினேன். 'நகலில் பிழை ஏதும் உண்டா?' என்பது கடைசி வரி. ஐந்து கேள்விக்கும் அவர் தட்டுத் தடுமாறாமல் பதில் சொல்லியிருந்தார். 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். செங்கோட்டுவேல் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு உற்சாகமாக நின்றார். மனைவி கையிலிருந்த கூடையைத் தான் வாங்கிக்கொண்டார். "அம்மிணி, பாத்து வா, படி இருக்குது" என்றார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நின்றுபோன பெயர். வளர்மதி அதற்கு "வரனுங்க" என்று பதில் சொன்னார். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தப் பெயரை அவர் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பார், அது எதற்கு ஈடாகக் கிடைத்தது என்பதெல்லாம் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்.

வாசல்வரை போன வளர்மதி திரும்பி வந்தார். நான் நாற்காலியில் இருந்து எழுந்தேன். அவர் என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, பிள்ளைகளுக்குச் செய்வதுபோல் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தார்.

"மனசுல வெச்சுக்காத சாமி" என்றார்.